நகரப் பயணத்துக்கு 'ஆல்-வீல் டிரைவ்' எஸ்யூவி எந்த அளவுக்கு உதவும்? புணே சாலைகள் தரும் விடை

புணே: பருவமழைக் காலத்தில் எஸ்யூவி வாங்க விற்பனையகத்துக்குச் செல்வோர் தவறாமல் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. இரு சக்கரங்களுக்கு மட்டும் இயந்திரத்தின் விசை செல்லும் வாகனம் போதுமா, அல்லது கூடுதல் பணம் கொடுத்து நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் 'ஆல்-வீல் டிரைவ்' வாகனத்தை வாங்க வேண்டுமா என்பதே அது. மலைப் பாதைகளுக்காகவும் கரடுமுரடான நிலத்துக்காகவும் உருவான இந்தத் தொழில்நுட்பம், இப்போது நகரச் சாலைகளிலும் பாதுகாப்பு தரும் என்ற எண்ணத்தில் பலராலும் விரும்பப்படுகிறது.

இந்தக் கேள்விக்கு விடை தேட மகாராஷ்டிரத்தின் புணே நகரம் பொருத்தமான களம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே அமைந்துள்ள இந்நகரில் சரிவான சாலைகள், ஆற்றங்கரைத் தாழ்வழிகள், ஓயாத போக்குவரத்து நெரிசல் ஆகிய அனைத்தும் உண்டு. தாம்ஹிணி, வரந்தா, காத்ரஜ், திவே ஆகிய மலைப் பாதைகளும் எட்டும் தொலைவில்தான் உள்ளன. எஸ்யூவி உற்பத்தியிலும் இப்பகுதிக்கு முக்கிய இடம் உண்டு. மஹிந்திரா நிறுவனத்தின் ஆலை சாக்கணிலும், டாடா மோட்டார்ஸின் ஆலை பிம்பரியிலும், ஜீப் காம்பஸ் தயாராகும் ஆலை ரஞ்சன்காவிலும் இயங்குகின்றன. வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கமான 'ஏஆர்ஏஐ' 1966 முதல் இந்நகரில் செயல்பட்டு வருகிறது.

வாகனம் புறப்படவும், முன்னேறவும், ஏறவும் ஆல்-வீல் டிரைவ் உதவுகிறது. நிற்பதற்கு அது உதவுவதில்லை. நகரப் பயணத்தில் அதன் பயனையும் வரம்பையும் புரிந்துகொள்ள இந்த ஒரு வேறுபாடே அடிப்படை.

எப்படி இயங்குகிறது?

இயந்திரம் உருவாக்கும் முறுக்குவிசை டயர் வழியாகவே சாலையைச் சேர்கிறது. ஒவ்வொரு டயருக்கும் சாலையைப் பற்றிக்கொள்ளும் பிடிமானத்தில் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை மீறிய விசை வந்தால் டயர் உருளாமல் ஒரே இடத்தில் வழுக்கிச் சுழலும்.

ஒரு வாகனம் மேடேறத் தேவைப்படும் விசை 100 பங்கு என்று கொள்வோம். முன்சக்கர இயக்க வாகனத்தில் இரு முன்சக்கரங்களும் தலா 50 பங்கைச் சுமக்க வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் விசை சமமாகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் 25 பங்கைச் சுமந்தால் போதும். உலர்ந்த தார்ச்சாலையில் 50 பங்கும் எளிதுதான். மழையில் நனைந்த சரிவிலோ சேற்றிலோ டயர் 30 அல்லது 40 பங்கை மட்டுமே தாங்கும் நிலை வரும்போதுதான் வேறுபாடு வெளிப்படுகிறது. முதல் வாகனத்தின் சக்கரங்கள் வழுக்கும். இரண்டாவது வாகனம் தடையின்றி ஏறும்.

மேடேறும்போது வாகனத்தின் எடை பின்பக்கமாகச் சாய்வதும் கவனிக்கத்தக்கது. இதனால் முன்சக்கரங்களின் மீதான அழுத்தம் குறைந்து, முன்சக்கர இயக்க வாகனம் தன் பிடிமானத்தில் ஒரு பகுதியை மிகத் தேவையான நேரத்தில் இழக்கிறது. அந்நேரத்தில் எடை கூடியிருக்கும் பின்சக்கரங்களுக்கும் விசை சென்றால் இந்தக் குறை நீங்குகிறது.

'ஃபோர்-வீல் டிரைவ்' வேறு

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் எல்லா வாகனங்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. நகரவாசிகள் வாங்கும் முன் தெளிவுபெற வேண்டிய முதல் செய்தி இது.

மஹிந்திரா தார், மாருதி சுசூகி ஜிம்னி போன்றவற்றில் இருப்பது ஓட்டுநர் நெம்புகோலை மாற்றி இணைக்கும் பகுதிநேர 'ஃபோர்-வீல் டிரைவ்'. சாதாரண நேரங்களில் இவை பின்சக்கரங்களால் மட்டுமே இயங்குகின்றன. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களை விட அதிகத் தொலைவைக் கடக்கின்றன. இந்த வேறுபாட்டை ஈடுசெய்யும் நடு டிஃபரன்ஷியல் இவ்வகை வாகனங்களில் இல்லை. எனவே உலர்ந்த சாலையில் நான்கு சக்கர இயக்கத்தை இணைத்துக்கொண்டு திரும்பினால் அச்சுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும், டயர்கள் தேயும், பாகங்கள் சேதமடையும். சேறு, மணல், தளர்ந்த மண் போன்ற பரப்புகளுக்கு மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துவது இதனால்தான்.

ஆல்-வீல் டிரைவ் ஓட்டுநரின் தலையீடின்றித் தானாக இயங்குவது. 2021-இல் அறிமுகமான மஹிந்திரா எக்ஸ்யூவி 700-இன் டீசல் தானியங்கி வகையிலும், 2022-இல் அறிமுகமான மாருதி சுசூகி கிராண்ட் விட்டாராவின் 'ஆல்கிரிப்' வகையிலும் இது வழங்கப்பட்டது. இத்தகைய வாகனங்களில் பெரும்பாலான நேரம் முன்சக்கரங்களே இயங்கும். ஏதேனும் ஒரு சக்கரம் வழுக்குவதை உணரிகள் கண்டறிந்தால், மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் கிளட்ச் ஒன்று நொடிப் பொழுதில் பின்சக்கரங்களுக்கும் விசையை அனுப்பும்.

நகரப் பயன்பாட்டுக்கு ஏற்றது இந்த இரண்டாவது வகையே. மழைநீரும் உலர்ந்த தார்ப்பரப்பும் மாறி மாறி வரும் சாலையில், ஒவ்வொரு முறையும் நெம்புகோலை மாற்றிக்கொண்டிருக்க எந்த ஓட்டுநராலும் இயலாது.

மேலும், எஸ்யூவி என்ற பெயர் வாகனத்தின் உருவ அமைப்பைக் குறிக்கிறதே தவிர, அதன் இயக்க முறையைக் குறிப்பதில்லை. இந்தியச் சந்தையில் விற்கப்படும் ஹூண்டாய் கிரெட்டா, சாக்கணில் தயாராகும் ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வாகன் டைகுன் ஆகியவை முன்சக்கர இயக்கம் மட்டுமே கொண்டவை. 1998-இல் புணேயிலிருந்து வெளிவந்த முதல் தலைமுறை டாடா சஃபாரியில் நான்கு சக்கர இயக்க வகை இருந்தது. 2021-இல் அதே பெயரில் மீண்டும் வந்த சஃபாரி முன்சக்கர இயக்கத்துடன் மட்டுமே அறிமுகமானது.

அன்றாடப் பயணத்தில் பயன் எங்கே?

ஹிஞ்சவடி, கராடி போன்ற தகவல் தொழில்நுட்ப மையங்களுக்கு நெரிசலில் ஊர்ந்து செல்லும் வாகனத்தில் ஆல்-வீல் டிரைவுக்குப் பெரும்பாலும் வேலையே இருப்பதில்லை. எனினும் நகர எல்லைக்குள்ளும் அது பயன் தரும் தருணங்கள் உண்டு.

முதலாவது, ஈரமான சரிவில் நின்று புறப்படுவது. பாவ்தன், வார்ஜே, காத்ரஜ் போன்ற மேட்டுப் பகுதிகளிலும், மேம்பாலங்களின் ஏறுதளங்களிலும் நெரிசல் காரணமாக வாகனங்கள் பாதிச் சரிவில் நின்றுவிடுகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தள வாகன நிறுத்தங்களிலிருந்து மேலேறும் வழவழப்பான சாய்தளங்களும் இத்தகையவையே. இங்கெல்லாம் சக்கரம் சுழன்று நிற்காமல் சீராகப் புறப்பட ஆல்-வீல் டிரைவ் உதவுகிறது.

இரண்டாவது, பக்கச் சாலையிலிருந்து முதன்மைச் சாலையில் இணைவது. இச்சூழலில் வாகனம் ஒரே நேரத்தில் திரும்பவும் வேகம் பெறவும் வேண்டியுள்ளது. முன்சக்கர இயக்க வாகனத்தில் இவ்விரு பணிகளையும் முன்டயர்களே செய்கின்றன. ஈரச் சாலையில் முடுக்கியை அழுத்தினால் முன்டயர்கள் வழுக்கி, நினைத்த பாதையை விட்டு வாகனம் வெளிப்புறமாக விலகக்கூடும். விசையின் ஒரு பகுதியைப் பின்சக்கரங்கள் ஏற்றுக்கொண்டால், முன்டயர்களின் பிடிமானம் திரும்புவதற்கு மிஞ்சும்.

மூன்றாவது, நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழை. சாலையில் படிந்திருக்கும் எண்ணெய்க் கசிவும் தூசியும் நீருடன் கலந்து வழுக்கும் படலமாக மாறும் நேரம் அது.

நான்காவது, நகரின் விளிம்பில் வளர்ந்துவரும் குடியிருப்புகள். தார் போடப்படாத அணுகுசாலைகளும், கட்டுமானப் பணிகளால் சேறாகும் வழிகளும் அங்கு மழைக்காலத்தில் இயல்பானவை. ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் புதைந்தாலும் மற்ற சக்கரங்களின் துணையால் வாகனம் வெளியேற வாய்ப்புண்டு.

வார இறுதிகளில் சுமார் 1,300 மீட்டர் உயரத்திலுள்ள சிங்கட் கோட்டைக்கோ, கனமழைக்குப் பெயர்பெற்ற தாம்ஹிணி மலைப் பாதைக்கோ அடிக்கடி செல்வோருக்கு இந்தப் பயன் மேலும் கூடும்.

பிரேக்குக்குத் துணையாகாது

எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் உள்ளது. வாகனம் எவ்வளவு தொலைவில் நிற்கும் என்பதை அதன் வேகம், டயரின் நிலை, சாலையின் ஈரம், பிரேக்கின் திறன் ஆகியவையே முடிவு செய்கின்றன. இயந்திரத்தின் விசை எத்தனை சக்கரங்களுக்குச் செல்கிறது என்பதற்கு இதில் பங்கில்லை. வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்தபின் கடக்கும் தொலைவு நான்கு மடங்காகிறது. ஈரத்தால் பிடிமானம் பாதியானால் அந்தத் தொலைவு இரு மடங்காகிறது. இந்த விதிகள் ஆல்-வீல் டிரைவ் வாகனத்துக்கும் மாறாமல் பொருந்தும்.

ஆபத்து இங்குதான் உள்ளது. இரு சக்கர இயக்க வாகனத்தில் புறப்படும்போதே சக்கரம் வழுக்கினால், சாலை நிலையை ஓட்டுநர் உணர்ந்து வேகத்தைக் குறைக்கிறார். ஆல்-வீல் டிரைவ் வாகனம் எந்தத் தடுமாற்றமும் இன்றிப் புறப்படுவதால் அந்த எச்சரிக்கை அவருக்குக் கிடைப்பதில்லை. சாலை எவ்வளவு வழுக்கலாக உள்ளது என்பது பிரேக்கை அழுத்தும் நொடியில்தான் தெரியவருகிறது. அப்போது வாகனம் ஏற்கெனவே வேகம் பெற்றிருக்கும்.

புணேயில் இந்த வேறுபாட்டை நினைவூட்டும் இடம் நவலே பாலம். மும்பை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில், காத்ரஜ் புதிய சுரங்கப் பாதையிலிருந்து இப்பாலம் நோக்கி நீண்ட இறக்கம் உள்ளது. 2022 நவம்பர் 20-ஆம் தேதி இரவு, கட்டுப்பாட்டை இழந்த கனரக வாகனம் ஒன்று மோதியதில் இங்கு சுமார் 48 வாகனங்கள் சேதமடைந்தன. கனரக வாகனங்கள் தொடர்ந்து விபத்துக்குள்ளாகும் இத்தகைய இறக்கத்தில் காருக்கும் அதன் ஓட்டுநருக்கும் துணை நிற்பவை குறைந்த கியர், மிதமான வேகம், முன்செல்லும் வாகனத்துடன் போதிய இடைவெளி, பின்னால் வரும் வாகனங்கள் மீதான கவனம் ஆகியவையே.

பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு, இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் அனைத்துப் புதிய கார்களிலும் கட்டாயமாக்கப்பட்டது. வாகனம் திசை தவறும்போது தனித்தனிச் சக்கரங்களில் பிரேக்கை இயக்கி நிலைப்படுத்தும் 'இஎஸ்சி' அமைப்பும் பெரும்பாலான எஸ்யூவிகளில் கிடைக்கிறது. நகரப் பாதுகாப்பைப் பொறுத்தவரை, ஆல்-வீல் டிரைவுக்கு முன்பாக உறுதிசெய்ய வேண்டியது இதையே.

வெள்ளத்தில் பொய்யாகும் நம்பிக்கை

உயரமான எஸ்யூவி என்பதால் வெள்ளத்தைக் கடந்துவிடலாம் என்ற எண்ணம் மிகவும் ஆபத்தானது. கடக்வாஸ்லா அணையிலிருந்து முட்டா ஆற்றில் நீர் திறக்கப்படும்போதெல்லாம், டெக்கன் பகுதியிலுள்ள தாழ்வான பாபா பிடே பாலம் மூழ்கிப் போக்குவரத்துக்கு மூடப்படுகிறது. 2019 செப்டம்பர் 25-ஆம் தேதி இரவு பெய்த பெருமழையில் அம்பில் ஓடை பெருக்கெடுத்து வாகனங்களை அடித்துச் சென்றது. அந்த மழை வெள்ளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2024 ஜூலை 25-ஆம் தேதி சிங்கட் சாலையை ஒட்டிய ஏக்தா நகரியில் குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்தது.

ஓடும் நீரில் வாகனம் மிதக்கத் தொடங்கினால் டயர்கள் தரையைத் தொடுவதில்லை. தரையைத் தொடாத சக்கரம் இரண்டானாலும் நான்கானாலும் பயன் ஒன்றே. வேகமாக ஓடும் 30 சென்டிமீட்டர் ஆழ நீர் சிறிய கார்களையும், 60 சென்டிமீட்டர் ஆழ நீர் எஸ்யூவி உள்ளிட்ட பெரும்பாலான வாகனங்களையும் அடித்துச் செல்ல வல்லது என அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை எச்சரிக்கிறது.

மஹிந்திரா தார் 650 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்க வல்லது எனக் குறிப்பிடப்படுகிறது. இத்தகைய அளவுகள் தேங்கி நிற்கும் நீரில் மெதுவாகச் செல்வதற்கானவை. பாய்ந்தோடும் வெள்ளத்துக்கு அவை பொருந்தா. காற்று உட்செல்லும் குழாய் வழியே நீர் புகுந்தால் இயந்திரம் முற்றிலும் பழுதாகும். இயந்திரப் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு எடுக்காதவர்களுக்கு இந்தச் செலவு திரும்பக் கிடைப்பது கடினம்.

டயரே முதன்மை

நான்கு சக்கரங்களுக்கும் விசை சென்றாலும், அது சாலையைச் சேர்வது உள்ளங்கை அளவேயான நான்கு டயர்ப் பரப்புகளின் வழியாகத்தான். டயரின் பள்ளங்கள் நீரை வெளியேற்றினால் மட்டுமே ரப்பர் சாலையைத் தொடும். பள்ளங்கள் தேய்ந்த டயர், வேகத்தில் நீர்ப்படலத்தின் மீது மிதந்து செல்லும். அந்நிலையில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஒருசேரப் பயனிழக்கின்றன.

டயர்ப் பள்ளங்களுக்குள் காணப்படும் தேய்மானக் குறியீடுகள் 1.6 மில்லிமீட்டர் ஆழத்தில் அமைக்கப்படுகின்றன. மேற்பரப்பு அக்குறியீட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்றியாக வேண்டும். மழைக்காலத்துக்கு முன் அந்த எல்லையை நெருங்கியிருந்தாலே மாற்றிவிடுவது நல்லது. தேய்ந்த டயர்களுடன் ஓடும் ஆல்-வீல் டிரைவ் எஸ்யூவியை விட, நல்ல டயர்களுடன் ஓடும் சாதாரண முன்சக்கர இயக்கக் கார் மழையில் பாதுகாப்பாக நிற்கும்.

விலையும் பராமரிப்பும்

ஆல்-வீல் டிரைவுக்குத் தேவையான கூடுதல் தண்டு, டிஃபரன்ஷியல், கிளட்ச் ஆகியவை வாகனத்தின் எடையைக் கூட்டுகின்றன. எரிபொருள் செலவும் உயர்கிறது. கிராண்ட் விட்டாராவின் அறிமுகத்தின்போது அறிவிக்கப்பட்ட சான்றளிப்பு அளவுகளின்படி, முன்சக்கர இயக்க மேனுவல் கியர் வகை லிட்டருக்கு 21.11 கிலோமீட்டரும், ஆல்-வீல் டிரைவ் மேனுவல் கியர் வகை 19.38 கிலோமீட்டரும் தரும். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடு சுமார் 50 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டால் சுமார் 5,000 ரூபாய். நெரிசலில் மைலேஜ் மேலும் குறைவதால் உண்மைச் செலவு இதைவிடக் கூடலாம்.

பராமரிப்பிலும் கவனம் தேவை. நான்கு டயர்களின் சுற்றளவும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால்தான் கிளட்ச் தேவையின்றி வேலை செய்யாது. எனவே ஒரு டயர் மட்டும் பழுதானாலும் சில நேரங்களில் நான்கையும் மாற்ற வேண்டிவரும். டிஃபரன்ஷியல் எண்ணெயை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். வாகனம் பழுதாகி நின்றாலோ, நிறுத்தத் தடையுள்ள இடத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டாலோ, இரு சக்கரங்களை மட்டும் தூக்கி இழுத்துச் செல்வது விசைப் பரிமாற்ற அமைப்பைச் சேதப்படுத்தக்கூடும். நான்கு சக்கரங்களும் தரையில் படாதவாறு மேடை வண்டியில் ஏற்றிச் செல்வதே பாதுகாப்பானது.

மின்சார எஸ்யூவிகளில் மாறும் கணக்கு

மின்சார வாகனங்களில் நீண்ட தண்டு தேவையில்லை. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரு மோட்டார்கள் போதும். 2025 ஜூனில் அறிமுகமான டாடா ஹாரியர் மின்சார எஸ்யூவியின் இரட்டை மோட்டார் வகை இம்முறையில் இயங்குகிறது. மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பதன் மூலம் ஒவ்வோர் அச்சுக்கும் செல்லும் விசையை மிக விரைவாகக் கட்டுப்படுத்த முடிகிறது. 75 கிலோவாட் மணி மின்கலம் கொண்ட இவ்வாகனத்தின் பின்சக்கர இயக்க வகைக்கு ஒரு முறை மின்னேற்றத்தில் 627 கிலோமீட்டரும், இரட்டை மோட்டார் வகைக்கு 622 கிலோமீட்டரும் சான்றளிக்கப்பட்ட பயணத் தொலைவாக அறிவிக்கப்பட்டன. எரிபொருள் வாகனங்களில் காணப்படும் பெரிய இடைவெளி இங்கு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. எனினும் பிரேக், டயர், வெள்ளம் பற்றிய வரம்புகள் இவற்றுக்கும் பொருந்தும்.

யாருக்குத் தேவை?

சரிவான அல்லது மண் சாலை வழியே அன்றாடம் வீடு திரும்புவோர், மழைக்காலத்திலும் மலைப் பாதைகளில் தவறாது பயணிப்போர், பண்ணை நிலங்களுக்குச் சென்று வருவோர் ஆகியோருக்கு ஆல்-வீல் டிரைவ் கொடுக்கும் பணத்துக்கு ஈடான பயனைத் தரும். தார்ச்சாலையில் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் மட்டும் சென்று வருவோருக்கு அதன் பயன் ஆண்டில் சில நாள்களுக்கே. அவர்கள் அதே பணத்தைத் தரமான டயர்களுக்கும், இஎஸ்சியும் கூடுதல் காற்றுப்பைகளும் கொண்ட உயர் வகைக்கும் செலவிடுவது பொருத்தமானது.

வாங்கும் முன் விற்பனையகத்தில் சில விவரங்களைக் கேட்டறிவது நல்லது. அமைப்பு தானாக இயங்குவதா, ஓட்டுநர் இணைக்க வேண்டியதா. உலர்ந்த சாலையில் பயன்படுத்தலாமா. ஒரு டயர் பழுதானால் எத்தனை டயர்களை மாற்ற வேண்டும். எண்ணெய் மாற்றும் இடைவெளி எவ்வளவு. இழுத்துச் செல்லும் முறை என்ன ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. கடைசி இரண்டுக்கும் வாகனத்தின் பயனர் கையேட்டிலேயே விடை இருக்கும்.

ஆல்-வீல் டிரைவ் வாகனத்தை ஏற்கெனவே வைத்திருப்போருக்கும் மழைநாளில் ஓர் எளிய சோதனை உண்டு. பின்னால் வாகனம் ஏதும் வராத இடத்தில், குறைந்த வேகத்தில் ஒரு முறை பிரேக்கை மென்மையாக அழுத்திப் பார்த்தால் சாலையின் பிடிமானம் தெரிந்துவிடும். அன்றைய பயணத்தின் வேகத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.